விரக்கடை சாரின் ஒன்றரை மீட்டர்

தாம்பரம் முதல் பொழிச்சலூர் வரை அத்தனை டீக்கடைக்காரர்களையும் கோபப்படுத்திய ஒரே மனிதர் எங்கள் விரக்கடை சார்தான்.

கிளாஸ் நிறைய டீ கொடுத்தால் வாங்கவே மாட்டார். "மேல ஒரு விரக்கடை, ஒரு விரல் அகலம், காலியா விடுப்பா. ஆடினா வழியும்ல?"

"இன்னா சார், ஊர்ல எல்லாரும் நெறைய ஊத்துன்றான், நீ மட்டும் கொறைக்க சொல்லிகினு கீறே!" என்று மாஸ்டர் தலையில் அடித்துக்கொள்வார்.

தொழில் அப்படி. சுரங்கங்களில் தாதுவை எடுத்தபின் மிஞ்சும் சகதியைத் தேக்கிவைக்க மலைபோல் கரை கட்டுவார்கள். நிலநடுக்கம் வந்தால் அந்தக் கரை எவ்வளவு இறங்கும் என்று சிட்லபாக்கத்தில் எங்கள் மாடி ஆபீசில் உட்கார்ந்து கணக்குப் போடுவார். சகதிக்கும் கரையின் உச்சிக்கும் நடுவே விட்ட இடைவெளிக்குள் கரை இறங்கினால் ஊர் பிழைக்கும். மீறினால் சகதி ஊருக்குள் வரும்.

அந்தப் புத்தி ஆபீசோடு நிற்கவில்லை. ஒரு கல்யாண வரவேற்பில் மூன்றடுக்குக் கேக்கை உற்றுப் பார்த்துவிட்டு, "மேலடுக்கு நிக்காது தம்பி" என்று மாப்பிள்ளையிடமே சொன்னார். கேக் நன்றாகவே நின்றது. பெண் வீட்டார்தான் அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டார்கள்.

ஒருமுறை ஒரு சுரங்கத்தின் கரை ஒன்றரை மீட்டர் இறங்கும் என்று அவர் கணக்கு சொன்னது. அங்கே இருந்த இடைவெளியோ ஒரு மீட்டர்தான். சுரங்க மேனேஜர் நேரில் வருவதாகச் சொல்ல, எங்கள் எம்.டி.க்கு வியர்த்துவிட்டது.

"சார், எப்படியாவது ஒரு மீட்டருக்குள்ள கொண்டாந்துடுங்க."

"நான் கொண்டாரலாம் சார், கரை கேக்கணுமே. அதுக்குக் கீழ பசங்க கிரிக்கெட் ஆடுறாங்க. நான் போனப்ப பாத்தேன்."

மேனேஜர் வந்த அன்று, ஒரு பெரிய ட்ரேயில் மணலால் குட்டிக் கரை கட்டி, அந்தச் சுரங்கத்துச் சகதியையே ஊற்றி வைத்திருந்தார். மேசையைத் தன் கையாலேயே ஆட்டிக் காட்டுவதாகத் திட்டம். அதற்குள் பக்கத்து மனையில் போர்வெல் லாரி உறும ஆரம்பித்தது. கட்டடமே அதிர்ந்தது.

"நிலநடுக்கம்! எல்லாரும் கீழ ஓடுங்க!" என்று சார் அலறினார். எம்.டி. முதல் ஆளாகப் படியிறங்கினார். கீழே லாரியைப் பார்த்து அசடு வழிந்துவிட்டு நாங்கள் திரும்பி வந்தால், சார் இடத்தைவிட்டு அசையவில்லை. குட்டிக் கரை சரிந்து, நாற்காலியிலிருந்து எழக்கூட நேரமில்லாமல் போன மேனேஜரின் மடியில் சகதி கொட்டியிருந்தது. சார் கையில் ஸ்கேலோடு குனிந்திருந்தார்.

"ப்ளீஸ் சார், பேன்ட்டைத் துடைச்சுடாதீங்க. எவ்வளவு தூரம் ஓடியிருக்குன்னு அளந்துக்கறேன்."

மேனேஜர் தன் மடியையும் சரிந்த குட்டிக் கரையையும் மாறி மாறிப் பார்த்தார். "கரைக்கு அடியில பாறை அணைச்சு, உயரத்தையும் கூட்டினா நிக்குமா சார்?"

"நிக்கும்" என்ற சாருக்குக் கண் கலங்கிவிட்டது.

அப்படியே கட்டினார்கள். அங்கே இன்றுவரை நிலநடுக்கம் வரவில்லை. அதனால் சாரின் கணக்கு சரியா தப்பா என்று யாருக்கும் தெரியாது. தெரியாமலே போகட்டும் என்றுதான் அவர் கடைசிவரை வேண்டிக்கொண்டார்.

சார் போய்விட்டார். இப்போதும் தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் நான் டீ கேட்டால், மாஸ்டர் சொல்லாமலே ஒரு விரக்கடை குறைத்துத்தான் ஊற்றுகிறார். அந்தக் காலி இடத்தைப் பார்க்கும்போதெல்லாம் சார் பக்கத்தில் நிற்கிற மாதிரி இருக்கிறது.