ஃபியட்டுக்கு ஆல்டர்னேட்டர்

"ஆமென்" என்று சொன்ன கையோடு கிருபைராஜ் செல்ஃபை இழுத்தார். "டிக்" என்றது ஃபியட். மறுபடி இழுத்தார். இந்தத் தடவை அந்த "டிக்"கும் இல்லை.

பக்கத்தில் மனைவி தேவமணி. பின் சீட்டில் மகள் ஸ்டெபி, மடியில் அவளுடைய கல்யாணப் பத்திரிகைக் கட்டு. நாசரேத்துக்குப் பத்திரிகை வைக்கக் கிளம்பியவர்கள் பாளையங்கோட்டையில் தங்கள் வீட்டு வாசலைக்கூடத் தாண்டவில்லை.

"கல்யாணத்தன்னைக்கும் இப்படி நின்னுச்சுன்னா என்னப்பா செய்ய?"

"நிக்காதுட்டி."

"நின்னுச்சுன்னா நான் வாடகைக் காருல சர்ச்சுக்குப் போயிருவேன். இப்பமே சொல்லிட்டேன்."

கிருபைராஜுக்குச் சுருக்கென்றது. அறுபத்தொன்றாம் வருடத்து வண்டி, அவர் அப்பா வாங்கியது. தேவமணியைக் கட்டிக்கொண்டு வந்ததும் அதில்தான். பள்ளிக்கூடத்தில் ஹெட் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்ற மனிதருக்கு ஆசை என்று பாக்கி இருந்தது இது ஒன்றுதான்: மகள் அந்த வண்டியில் போய் சர்ச் வாசலில் இறங்க வேண்டும்.

மேலப்பாளையத்திலிருந்து முகம்மது மைதீன் வந்தார். பழைய கார்களுக்கு வயரிங் பார்ப்பவர். அதிகம் பேசமாட்டார். பேட்டரியை சார்ஜ் ஏற்றி மாட்டுவதற்குள் தேவமணி அவரிடம் பாதி வாழ்க்கையைக் கேட்டு வாங்கிவிட்டாள். ஒரே மகன், பெயர் ஆரிப், சவூதி விசாவுக்காக எட்டு மாதமாகக் காத்துக் கிடக்கிறான்.

"இப்பம் எடுங்க அண்ணாச்சி."

வண்டி எடுக்க அப்பா காலத்து முறை ஒன்று உண்டு. கிருபைராஜ் சாவியைத் திருப்பி, டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டு மனைவியிடம் தலையை ஆட்டினார். தேவமணி கண்ணை மூடினாள். கல்யாணம் நிச்சயமானதிலிருந்து அவள் ஜெபம் நீண்டுகொண்டே போனது. நாசரேத் போகிற வழி, அங்கே சித்தியின் முழங்கால் வலி, மாப்பிள்ளை ரிச்சர்டின் பெங்களூர் வேலை எல்லாம் வந்தன. கடைசியில், "மைதீன் தம்பி மகன் ஆரிப்புக்கு அந்த விசாவைத் திறந்து குடும் ஆண்டவரே" என்றும் கேட்டாள்.

மைதீன் ஸ்பேனரும் கையுமாக டாஷ்போர்டில் கரண்ட் செலவைக் காட்டும் ஆம்பியர் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆரிப் பெயர் வந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வண்டி இருமி, முக்கி, ஒருவழியாகக் கிளம்பியது.

"என்னவே கோளாறு, சொல்லும்."

மைதீன் முள்ளைப் பார்த்தார். தேவமணியைப் பார்த்தார்.

"டைனமோ பழசு அண்ணாச்சி. சார்ஜ் பத்தாது. அத எடுத்துட்டு ஆல்டர்னேட்டர் போட்டுருவோம், கரண்ட் கூடக் குடுக்கும்."

போட்டார்கள். முப்பத்தைந்து ஆம்பியர். பழைய கிளாம்பில் உட்காராததால் வெல்டிங் வைத்து, பெல்ட் மாற்றி, இரண்டு நாள் ஆயிற்று. கிருபைராஜுக்குத் தலைகால் புரியவில்லை. இவ்வளவு கரண்டை வைத்துக்கொண்டு சும்மா இருப்பானேன் என்று ஹெட்லைட்டை ஹாலோஜனாக மாற்றச் சொன்னார். ரேடியேட்டருக்கு முன்னால் கரண்ட் ஃபேனும் ஒன்று வைக்கச் சொன்னார்.

"ஃபேன் வேண்டாம் அண்ணாச்சி. சாவி போட்டாலே சுத்தும்."

"சுத்தட்டுமே! முப்பத்தஞ்சு ஆம்பியர் இருக்குல்லாவே?"

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் புறப்பட்டார்கள். ஆல்டர்னேட்டர் புதிது என்பதால் தேவமணி அதற்கும் சேர்த்து ஜெபித்தாள். ஆமென். டிக்.

தெருவே கூடித் தள்ளியது. டைனமோ இருந்தவரைக்கும் நாலு பேர் தள்ளினால் வண்டி பிடித்துக்கொள்ளும். பேட்டரி படுத்துவிட்டால் ஆல்டர்னேட்டரும் சேர்ந்து படுத்துவிடும் என்பது டீக்கடை வரைக்கும் தள்ளிய பிறகுதான் தெரிந்தது.

"இதுக்குப் பேருதான் முன்னேத்தமாப்பா?" என்றாள் ஸ்டெபி.

கிருபைராஜ் மைதீனை வரச்சொல்லி ஒரு பிடி பிடித்தார். "நல்லா இருந்த வண்டியக் கெடுத்துட்டீரே வே! உள்ளதச் சொல்லும், என்னதான் கோளாறு?"

மைதீன் தொண்டையைச் செருமினார். "அண்ணாச்சி, ஒரு விஷயம்..."

அதற்குள் தேவமணி காப்பியோடு வந்துவிட்டாள். "தம்பி, ஆரிப்புக்கு மெடிக்கல் முடிஞ்சிட்டா? நான் தினமும் விடாம கேட்டுக்கிட்டுதான் இருக்கேன், பாத்துக்கிடுங்க."

"முடிஞ்சிட்டுக்கா. நேத்துதான்." மைதீன் காப்பியை வாங்கிக்கொண்டார்.

"என்னமோ விஷயம்னீரே?"

"ஒண்ணுமில்ல அண்ணாச்சி. அறுபத்தஞ்சு ஆம்பியர் போட்டுருவோம். பேட்டரியும் பெருசாப் போட்டுருவோம்."

பெரிய பேட்டரி உட்காரத் தகட்டை வெட்டினார்கள். அப்புறம் பானட் மூடவில்லை. வெள்ளை ரிப்பன் வைத்துக் கட்டினார்கள். கல்யாண வண்டிதானே, அலங்காரம் என்று நினைத்துக்கொள்வார்கள் என்றார் கிருபைராஜ். தேவமணி அன்றிலிருந்து பானட்டுக்கும் ஜெபிக்கத் தொடங்கினாள்.

கல்யாண நாள் காலை. சர்ச்சில் பத்தரைக்கு ஆராதனை. ஒன்பதரைக்கே ஸ்டெபி வெள்ளைச் சேலையில் ஃபியட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். சுற்றிலும் சொந்தக்காரர்கள். மைதீனும் புதுச் சட்டை போட்டு வந்திருந்தார். கிருபைராஜ் சாவியைத் திருப்பினார். பட்டப்பகலில் ஹெட்லைட்டையும் போட்டார். செலவழித்ததை நாலு பேர் பார்க்க வேண்டாமா? ஃபேன் உர்ரென்று சுற்றியது.

தேவமணிக்கு இருப்பது ஒரே மகள். மணமக்களுக்காக ஜெபித்தாள். பிறக்கப் போகிற பிள்ளைகளுக்காக, அவர்களுடைய படிப்புக்காக, பந்தியில் சாம்பார் புளிக்காமல் இருப்பதற்காக, ஆரிப்பின் விமான டிக்கெட்டுக்காக ஜெபித்தாள். கூட்டம் நடுநடுவே "ஸ்தோத்திரம்" போட்டது. எல்லோரும் கண்ணை மூடியிருந்தார்கள். மைதீன் மட்டும் ஹெட்லைட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஆமென்!"

செல்ஃபை இழுத்தார். "டிக்" கூட இல்லை.

பட்டுச்சேலைகளும் பட்டுவேட்டிகளும் சேர்ந்து தெருமுனை வரை தள்ளின. இன்ஜின் பிடிக்கவில்லை. மணி பத்து இருபது. வாடகைக் கார்கள் எல்லாம் ஆட்களை ஏற்றிக்கொண்டு முன்னாலேயே போய்விட்டிருந்தன. ஸ்டெபி சேலையைத் தூக்கிக்கொண்டு ஃபியட்டிலிருந்து இறங்கினாள். கிருபைராஜ் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. கண் நிறைந்துவிட்டது அவருக்கு.

"அழாதீங்கப்பா. வந்து ஏறுங்க, நேரமாச்சு."

மைதீன் தன் ஆம்னி வேனை எடுத்து வந்திருந்தார். வயர்ச் சுருளுக்கும் பழைய பேட்டரிக்கும் நடுவே மணப்பெண் உட்கார்ந்தாள். பக்கத்தில் தேவமணி. கிருபைராஜ் முன்னால் ஏறினார். மைதீன் சாவியைத் திருப்பினார்.

"தம்பி, ஒரே நிமிஷம்," என்று தேவமணி கண்ணை மூடினாள். "ஜெபம் பண்ணாம எப்படிப் போக?"

மைதீன் சட்டென்று சாவியை உருவிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"ஏன்வே சாவிய எடுக்கீரு?"

மைதீன் தலையைக் குனிந்துகொண்டு பைய சொன்னார்: "சாவியப் போட்டுக்கிட்டு ஜெபம் பண்ணுததுலதான் பேட்டரி தீருதுன்னு மொத நாளே தெரியும் அண்ணாச்சி; அக்கா எங்க ஆரிப்புக்கும் சேத்துல்லா கேக்காவ, அதுல போயி குத்தம் சொல்ல மனசு வரல, அதான் ஆம்பியரக் கூட்டிக்கிட்டே வந்தேன்."