நாலு சிஸ்டத்துக்கும் ஒரே ஆப்

ஞாயிற்றுக்கிழமை காலையில் பல்செட்டுக்காரர் ஒரு முடிவை அறிவித்தார். அறிவிப்பு என்றால், அப்போது வீட்டில் இருந்த ஒரே ஜனமான மனைவியிடம்தான்.

“இனிமே இந்தக் குடும்பத்துக்கு ஒரே ஒரு மெசேஜ் ஆப்தான். எதுன்னு நான் தேர்ந்தெடுக்கப் போறேன்.”

மனைவி ஈரத் துணியை உதறிக் கொடியில் போட்டாள். “இப்ப இருக்கறதுக்கு என்ன வந்துச்சு?”

“மூத்தவ ஒண்ணுல எழுதறா. மாப்பிள்ளை வேற ஒண்ணுல. நீ இன்னொண்ணுல. மூத்தவ முழுகாம இருக்கற விஷயம் எனக்கு எப்பத் தெரிஞ்சுது? அஞ்சு நாள் கழிச்சு, பேப்பர் போடறவர் வாழ்த்து சொன்னப்புறம்.”

“அன்னைக்கே சொன்னேங்க. கண்ணுல லென்ஸை மாட்டிக்கிட்டு யாரோட கடைவாய்ப் பல்லையோ ராவிக்கிட்டு இருந்தீங்க. ‘உம்’னு சொன்னீங்களே.”

“அந்த ‘உம்’ பல்லுக்குச் சொன்னது.”

வீட்டின் முன்னறைதான் அவருடைய பட்டறை. பல் டாக்டர்கள் அச்சை அனுப்புவார்கள். அவர் பல்செட் செய்து அனுப்புவார். முப்பது வருஷத் தொழில். ஊரில் பாதிப் பேர் சிரித்தால் தெரிவது அவருடைய கைவேலை. அவர் மட்டும் அதிகம் சிரிப்பதில்லை.

மனைவியிடம் சொன்ன காரணம் பொய்யில்லை. ஆனால் நிஜக் காரணம் வேறு. அது சின்னவன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால், அப்பாவின் கம்ப்யூட்டர் நகரவே மாட்டேன் என்கிறதே என்று இரக்கப்பட்டு, சின்னவன் அதிலிருந்த சிஸ்டத்தை அடியோடு எடுத்துவிட்டு, இலவசமாகக் கிடைக்கும் இன்னொன்றைப் போட்டான். திறந்தால் பென்குயின் படம் வரும். மிஷின் பறந்தது. கூடவே, பத்து வருஷமாக அவர் சேர்த்து வைத்திருந்த பல் அச்சுப் படங்களும் பறந்துவிட்டன. உடைந்த பல்செட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு வாடிக்கையாளர் பொக்கை வாயோடு பார்த்துக்கொண்டிருக்க, இருபத்தாறு வயசுப் பிள்ளையைக் கன்னத்தில் அறைந்துவிட்டார். சின்னவன் கீழே விழுந்த மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு உள்ளே போனான். வேறு ஊரில் ஒரு வேலை ரொம்ப நாளாக அவனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. அடுத்த வாரமே கிளம்பிவிட்டான்.

அன்று முதல் அப்பாவுக்கும் பிள்ளைக்கும் பேச்சு இல்லை. வாராவாரம் அம்மாவுக்கு போன் வரும். மணி அடித்ததும் இவர் எழுந்து பட்டறைக்குப் போய்விடுவார். ஏற்கெனவே வழவழப்பாக இருக்கும் ஒரு பல்லை எடுத்து ராவுவார். சத்தமே வராமல் ராவுவார். காது மட்டும் உள்ளறையில் இருக்கும்.

மன்னிப்புக் கேட்க அவருக்கு வராது. எத்தனையோ பேர் வாய்க்கு வேலை செய்தவருக்குத் தன் வாய் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. அதனால்தான் இந்தத் திட்டம். எல்லாருடைய மிஷினிலும் ஓடுகிற ஒரு ஆப். அதில் ஒரு குடும்பக் குழு. மூத்தவள் தானாகத் தம்பியையும் சேர்ப்பாள். இவர் காலையில் ‘எல்லாருக்கும் வணக்கம்’ என்று போடுவார். அந்த எல்லாரில் அவனும் ஒருத்தன். கூட்டத்தோடு கூட்டமாக நுழைந்துவிட்டால் தனியாக வாசலில் நின்று தலைகுனிய வேண்டியதில்லை. மனைவிக்குத் துளியும் சந்தேகம் வராது.

நோட்டில் கட்டம் போட்டார். மாப்பிள்ளை ஆபீஸில் ஜன்னல் படம் போட்ட சிஸ்டம். மனைவியிடம் இருப்பது போன். மூத்தவளுடையது கடித்த ஆப்பிள்.

“இதைக் கடிச்சவன் மேல் செட் மட்டும் போட்டவன்” என்றார் மனைவியிடம். “கீழ்ப்பல் தடமே இல்லை பார்.”

“பென்குயினுக்கும் கட்டம் போட்டிருக்கீங்களே.”

“பின்னே? நம்ம மிஷினே அதுதானே.”

“ரிப்பேர்க்காரர் அன்னைக்கே பழைய சிஸ்டத்தைத் திரும்பப் போட்டுத் தரேன்னார். நீங்கதான் வேண்டாம்னீங்க.”

“பழகிடுச்சு.”

“சின்னவன்கிட்டயும் அதான் இருக்கு.”

“அப்படியா? எனக்கென்ன தெரியும்” என்று நோட்டை மூடினார்.

அடுத்த தெரு கம்ப்யூட்டர் ரிப்பேர்க்காரர் உதவிக்கு வந்தார். முதல் ஆப் ஜன்னலிலும் ஆப்பிளிலும் ஜம்மென்று ஓடியது. பென்குயினிடம் மட்டும் ‘விரைவில் வருகிறோம்’ என்றது.

“காத்திருப்போமே” என்றார் பல்செட்டுக்காரர்.

“ஆறு வருஷமா விரைவில் வந்துக்கிட்டே இருக்குங்க இது.”

இரண்டாவது ஆப் எல்லாவற்றிலும் ஓடியது. ஆனால் பக்கத்தில் போன் விழித்துக்கொண்டே இருக்க வேண்டுமாம். அவருடைய போன் அவரைப் போலவே மதியம் சாப்பிட்டதும் தூங்கிவிடும். மூன்றாவதில் தமிழ் எழுத்து வரவில்லை. மூத்தவள் போன் பண்ணினாள்.

“அப்பா, நாற்பது காலிக் கட்டம் அனுப்பியிருக்கீங்களே, குறுக்கெழுத்துப் போட்டியா?”

“உடம்பைப் பாத்துக்கோன்னு எழுதியிருந்தேம்மா.”

இப்படியே மூன்று வாரம் போயிற்று. கவனம் சிதறி, கீழ்த்தாடைக்குச் சொல்லியிருந்தவருக்கு மேல்தாடையை அனுப்பி டாக்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். கடைசியில் ஒரு புதன்கிழமை ரிப்பேர்க்காரர் நாலாவதாக ஒன்றைக் காட்டினார். ஜன்னல், ஆப்பிள், பென்குயின், போன், எல்லாவற்றிலும் ஓடியது. தமிழும் தமிழாகவே வந்தது.

“இதை முதல் நாளே சொல்லியிருக்கலாமே?”

“நீங்களாத் தேடி வரட்டும்னு சொன்னாங்க.”

“யாரு சொன்னாங்க?”

“பொதுவாச் சொன்னேங்க” என்று ரிப்பேர்க்காரர் ஸ்க்ரூ டிரைவரைப் பையில் போட்டுக்கொண்டு, கொடுத்த டீயைக்கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

பல்செட்டுக்காரர் ஆப்பில் தன் நம்பரைப் போட்டார். ‘இந்த எண்ணுக்கு ஏற்கெனவே கணக்கு இருக்கிறது, மீண்டும் வருக’ என்றது. போனில் வந்த ஆறு இலக்கத்தை அடித்தார். கணக்கு திறந்தது. அவர் பெயர். அவர் படம், குனிந்து பல் ராவும்போது யாரோ எடுத்தது. கீழே ஒரே ஒரு பேச்சு, சின்னவனோடு. எட்டு மாதப் பேச்சு.

மேலே போய் முதலிலிருந்து படித்தார்.

‘அன்னைக்கு உன்மேல கை வச்சது தப்புடா. படம் போனா மறுபடி எடுத்துக்கலாம். நீ போனப்புறம் பட்டறையில உக்காரவே பிடிக்கலை.’ அனுப்பியவர் அவர்தான். பதில் ஒரே வார்த்தை: ‘விடுங்கப்பா.’ ஒரு வாரம் அந்த ஒரே வார்த்தைதான் வந்திருந்தது. பிறகு ‘சாப்டீங்களா’ வந்தது. பிறகு அவன் வீடு மாறியது, அவன் மேலதிகாரியின் குறட்டை, அவன் சமைத்துக் கருக்கிய பாத்திரம். நடுவில் அவன் பதினோரு நாள் காய்ச்சலில் கிடந்திருக்கிறான். அது அவருக்குத் தெரியவே தெரியாது. ஆனால் தினம் இரண்டு தடவை விசாரித்திருந்தார். கடைவாய்ப் பல் வலிக்கிறது என்று அவன் எழுதியதற்குக் கிராம்பு வைக்கச் சொல்லியிருந்தார். முப்பது வருஷம் பல்லோடு குடித்தனம் நடத்தியவர் அப்படிச் சொல்லியிருக்கவே மாட்டார். எல்லாமே மதியம் இரண்டிலிருந்து நாலுக்குள் எழுதியது. அவர் தூங்குகிற நேரம்.

சமையலறைக்குப் போனார். மனைவி பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள்.

“என் பேர்ல எழுதினியா?”

“ஆமா.” தலை நிமிரவில்லை. “ரிப்பேர்க்காரர்தான் என் போன்ல போட்டுக் கொடுத்தார். நம்பர் மட்டும் உங்களோடது.”

“நான் எப்ப மன்னிப்புக் கேட்டேன்?”

“மூணு வருஷமா அந்தப் பென்குயினை மாத்த விடலையே நீங்க. அதைத்தான் எழுத்துல போட்டேன். தப்பு இருந்தா சொல்லுங்க, திருத்திடறேன்.”

அவர் யோசித்துப் பார்த்தார். கிராம்பைத் தவிர ஒரு தப்பும் இல்லை.

“நீதான் வாராவாரம் அவன்கூடப் பேசறியே. என் பேர் எதுக்கு?”

“என்கிட்ட எல்லாம் பேசுவான். வைக்கறதுக்கு முன்னாடி ‘அப்பா பக்கத்துல இருக்காரா’ன்னு கேப்பான். பட்டறையில இருக்கார்னு சொல்வேன். ‘சரி’ம்பான். அந்த ‘சரி’யை எத்தனை வாரம்தான் கேக்கறது?”

அவர் நிலைப்படியில் சாய்ந்து நின்றார். உள்ளறைப் பேச்சையெல்லாம் ஒட்டுக்கேட்டவருக்கு, அந்தப் பக்கம் என்ன கேட்டார்கள் என்பது மட்டும் ஒரு நாளும் கேட்டதில்லை.

“மூணு வாரம் என்னை நாயா அலைய விட்டியே. முதல் நாளே சொல்லியிருக்கலாம்ல?”

“சொன்னா நோட்டை மூடியிருப்பீங்க” என்றாள். எழுந்து தன் போனிலிருந்து அந்தக் கணக்கை எடுத்துவிட்டு அவரிடமே காட்டினாள். “இனிமே நான் எழுத மாட்டேன். உங்க பிள்ளை, உங்க பேர்.”

அன்று மதியம் அவர் தூங்கவில்லை. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். ‘அன்புள்ள மகனுக்கு, நலம், நலமறிய ஆவல்’ என்று அடித்தார். அழித்தார். ‘எல்லாருக்கும் வணக்கம்’ என்று அடித்தார். அங்கே எல்லாரும் இல்லை, அவன் ஒருத்தன்தான் இருந்தான். அதையும் அழித்தார். மனைவி எழுதியதைப் பார்த்து அதே மாதிரி ஒன்று எழுதப் பார்த்தார். தன் கையெழுத்தையே பார்த்துக் காப்பியடிப்பது போல வெட்கமாக இருந்தது. வாசலில் ஒரு டாக்டரின் ஆள் அச்சோடு வந்து நின்றார்; நாளைக்கு வரச் சொன்னார். மூன்று மணி ஆயிற்று. மூன்றரை ஆயிற்று.

கடைசியில் மூன்று வருஷமாக அவர் கேட்க நினைத்ததை மட்டும் எழுதினார். இரண்டு தடவை தப்பாகி, மூன்றாம் தடவை சரியாக வந்தது.

‘அன்னைக்கு ரொம்ப வலிச்சுதாடா?’

அனுப்பிவிட்டு இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டார். அவன் எழுதிக்கொண்டிருக்கிறான் என்று மூன்று புள்ளிகள் வந்தன, நின்றன, மறுபடி வந்தன. அவருக்குக் கண் மறைத்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு படித்தார்.

‘அம்மா, இன்னைக்கு உனக்குச் சரியா வரலை. அப்பா இப்படியெல்லாம் கேக்க மாட்டார்.’