துரையைக் காப்பாற்றிய லட்சணம்

கோலா சுங்கை பாரு,
போலீஸ் ஸ்டேஷன் பின்கட்டு.

அன்புள்ள மாப்பிள்ளை தம்புசாமி அவர்களுக்கு மாமனார் நல்லமுத்து அநேக ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொண்டது. இவ்விடம் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். கை வரமாட்டேன் என்கிறது. மலாக்காவில் நீங்களும், மகள் மங்களமும், அவள் வயிற்றில் இருக்கும் என் பேரப்பிள்ளையும் சுகமாக இருக்க முருகப்பெருமான் அருள்புரிய வேண்டும். எனக்கு அருள்புரிய இந்த வாரம் அவருக்கு நேரமில்லை போலிருக்கிறது. படித்ததும் இதை அடுப்பில் போட்டுவிடுங்கள். மங்களத்துக்கு வாசித்துக் காட்ட வேண்டாம். பிள்ளைத்தாய்ச்சி, பயந்துவிடுவாள்.

மாப்பிள்ளை, எனக்கு இந்த வேலை வேண்டாம் என்று நான் அன்றைக்கே தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். "மாமா, நீங்க பங்களா குக்கு. ஒங்களப் போயி யாரு சந்தேகப்படப் போறா? படகுல ஏறி ஆக்கிப் போட்டுட்டு எறங்கிடுங்க, அவ்ளோதான்லா. பெரிய துரைகிட்ட ஒங்க பேரக் குடுத்துட்டேன்" என்று நீங்கள்தான் சிரித்துக்கொண்டே சொன்னீர்கள். போலீஸ் ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாக இருக்கிற மாப்பிள்ளை வாய்விட்டுக் கேட்டால், பெண்ணைக் கொடுத்தவன் எப்படி மாட்டேன் என்பது? உங்கள் அத்தை பெரியநாயகி மட்டும், "கெணத்த எட்டிப் பாத்தாலே ஒங்களுக்குத் தல சுத்தும், ஒங்களுக்கு எதுக்குக் கடலு?" என்று கேட்டாள். அவள் பேச்சைக் கேட்டிருந்தால் இந்நேரம் பெம்பானில் நம் வீட்டில் உட்கார்ந்து ரசம் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருப்பேன். உங்கள் பெரிய துரை என்னைக் கூப்பிட்டு, கப்பல் படையிலிருந்து ஹார்ட்லி துரை என்று ஒருவர் வந்திருக்கிறார், காட்டில் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் படகில் சாமான் இறங்குகிற இடங்களைக் கரையோரமாகவே ஆழம் பார்த்துக்கொண்டு போகப் போகிறார், அவரைக் கடலிலேயே தீர்த்துக்கட்ட ஆள் கிளம்பியிருக்கிறது, காவல் போட்டால் அவருக்குக் கோபம் வரும், அதனால் அவருக்கே தெரியாமல் அவரை நீ காப்பாற்ற வேண்டும், அவர் வாயில் வைக்கிற எதையும் நீ முதலில் வாயில் வைத்துப் பார்க்க வேண்டும், படகில் எவனையும் நம்பாதே, கொலைகாரன் என்ஜின்காரன் வேஷத்தில்கூட வருவான் என்று சொல்லி முடித்துவிட்டுக் கைகுலுக்கினார். அவர் கை காய்ந்திருந்தது. என் கைதான் வேர்வையில் நனைந்திருந்தது.

படகில் துரையையும் என்னையும் தவிர இரண்டே பேர். என்ஜினைப் பார்த்துக்கொள்பவர் நாகமுத்து, கிளேபாங் ஊர்க்காரர். சுக்கான் பிடிப்பவர் செராங் பாக் டின், வயதான மலாய்க்காரர். அவரோடு மானிஸ் என்று ஒரு பூனை. நாகமுத்துவைப் பார்த்ததுமே எனக்குச் சந்தேகம் தட்டிவிட்டது. என்ஜின்காரன் என்கிறார், நகத்தில் ஒரு பொட்டு மசகு இல்லை! எண்ணெய் எந்த ஓட்டையில் ஊற்றுவது என்று தெரியாமல் படகு ஆடும்போதெல்லாம் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார். செராங்கோ கடலைப் பார்க்கவென்று கொடுத்த தூரக்கண்ணாடியால் என் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நான் வெங்காயம் நறுக்கினால் நாகமுத்து வந்து கத்தியைப் பார்க்கிறார். நான் குழம்பு கிளறினால் செராங் வந்து மோந்து பார்க்கிறார். நான் என்ஜின் அறைப் பக்கம் போனால் இரண்டு பேரும் பின்னாலேயே வருகிறார்கள். துரை மட்டும் ஈயக்குண்டு கட்டிய கயிற்றைத் தண்ணீரில் விடுவதும் இழுப்பதும் வாய்க்குள் பாடுவதுமாக, தன்னைக் கொல்ல ஒருவன் வந்திருக்கிறான் என்கிற நினைப்பே இல்லாமல் சந்தோஷமாக இருந்தார். எனக்கு அவரைப் பார்க்கப் பார்க்கப் பாவமாக இருந்தது.

முதல் தப்பு என்னுடையது என்றுதான் இங்கே இருக்கிற போலீஸ்காரர்கள் சொல்கிறார்கள். நீங்களே நியாயம் சொல்லுங்கள். துரையின் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தால் உள்ளே அத்தனையும் டின். ஒன்றில்கூட ஓட்டை இல்லை! நம் எஸ்டேட்டில் சாப்பாடு காட்டுக்குள் கம்யூனிஸ்டுகளிடம் போய்ச் சேர்ந்துவிடக் கூடாதென்று டின்னைக் கடையிலேயே ஓட்டை போட்டுத்தானே கொடுக்கிறார்கள்? ஓட்டையில்லாத பால் டின் ஒன்றை வீட்டில் வைத்திருந்தார் என்று பக்கத்து லயத்துக்காரரை லோரியில் ஏற்றிக்கொண்டு போனார்களே, அவர் வீட்டில் இன்றைக்கும் அழுகை ஓயவில்லை. ஒரு பெட்டி நிறைய ஓட்டையில்லாத டின்னோடு கடலில் என்னைப் பிடித்தால் என்ன ஆகும்? பதறிப்போய் ஆணியும் சுத்தியலும் எடுத்து ஒன்று விடாமல் ஓட்டை போட்டுவிட்டேன். மனசுக்கு நிம்மதியாக இருந்தது. நிமிர்ந்து பார்த்தால் நாகமுத்து நிற்கிறார்.

"டின்ல ஓட்ட போட்டது யாருலா?"

"நாந்தான். சட்டம்லா."

"என்னா சட்டம்?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக்கூட நிற்காமல் முகம் வெளுத்துப் போய்விட்டார். ஓட்டை வழியாக விஷம் ஏற்றுகிறேன் என்று நினைத்திருக்கிறார். எனக்கு அது அப்போது தெரியாது. சட்டத்துக்குப் பயப்படுகிறாரே, அப்படியானால் இவன்தான் கொலைகாரன் என்று நான் முடிவு கட்டினேன்.

இதைவிடப் பெரிய சங்கடம் ருசி பார்ப்பதில் வந்தது. டின்னில் பாதி மாட்டிறைச்சி, பாதி பன்றி. பங்களாவில் காலமெல்லாம் துரைமார்களுக்கு மாட்டிறைச்சி ஆக்கிப் போட்டவன்தான் நான். ஆனால் ஒரு நாளும் நாக்கில் வைத்ததில்லை, உப்பெல்லாம் கண் அளவுதான். உங்கள் பெரிய துரைக்கு இதை எப்படிச் சொல்லியிருக்க முடியும்? போதாததற்கு, நான் தின்ற எச்சிலை எடுத்து இன்னொரு மனுஷனுக்கு இலையில் வைப்பதா? அவர் வெள்ளைக்காரரே ஆனாலும் சாப்பிட உட்கார்ந்தவர் இல்லையா? நாகமுத்துவிடம், நீங்கள் கொஞ்சம் சாப்பிடுகிறீர்களா என்று நைசாகக் கேட்டுப் பார்த்தேன். "நா முருகனுக்கு மால போட்டிருக்கேன், கறியே தொடமாட்டேன்" என்றார். செராங்கிடம் தட்டை நீட்டினேன். "மாடுன்னா தின்பேன், ஆனா ஹலால் இல்ல. பன்னி, பாபி, அதக் கிட்டயே கொண்டு வராதே, தாபோலே, கூடாது!" என்று இரண்டடி தள்ளிப் போனார். ஆக, ஒரு துரையின் சாப்பாட்டை ருசி பார்க்க அந்தப் படகில் மனுஷர் ஒருவரும் லாயக்கில்லை. மிச்சம் இருந்தது மானிஸ் பூனை. செராங் பார்க்காத நேரத்தில் அதற்கு ஒரு துண்டு போடுவேன். அது தின்னும். நான் முருகா முருகா என்று பார்த்துக்கொண்டிருப்பேன். தின்றதும் அது படுத்துத் தூங்கும். செத்துவிட்டதோ என்று குச்சியால் குத்துவேன். எழுந்து என்னை முறைத்துவிட்டு மறுபடி படுக்கும். அதன் பிறகுதான் துரைக்குச் சாப்பாடு. ஆறிப்போனதைத் தின்று தின்று துரை என்னை ஒரு மாதிரி பார்க்க ஆரம்பித்தார்.

இன்றைக்கு மத்தியானம் கோலா சுங்கை பாருவுக்கு எதிரே படகை நிறுத்தியிருந்தோம். வழக்கம்போல மானிஸுக்கு ஒரு துண்டு கொடுத்தேன், தின்றது, நன்றாகத்தான் இருந்தது, துரைக்குத் தட்டை வைத்தேன், அவர் பாதி சாப்பிட்டிருப்பார், கயிற்றுச் சுருளுக்குப் பின்னாலிருந்து ஒரு முனகல். போய்ப் பார்த்தால் மானிஸ் வயிற்றை இழுத்து இழுத்து முனகுகிறது, கண் செருகிவிட்டது, என்னைப் பார்த்து ஒரு தரம் கத்திற்று. மாப்பிள்ளை, எனக்கு உயிர் போய்விட்டது. ஓடிவந்து, "துரை! நோ ஈட்! நோ ஈட்!" என்று தட்டைப் பிடுங்கிக் கடலில் வீசினேன். பங்களா நாய் எலி மருந்தைத் தின்றபோது உப்புத் தண்ணீர் கொடுத்துத்தான் பிழைக்க வைத்தேன். எனக்குத் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதான். உப்புத் தேடவும் வேண்டியதில்லை, சுற்றிலும் அதுதானே இருக்கிறது. ஒரு குவளை மொண்டு, துரையின் மூக்கைப் பிடித்து வாயில் ஊற்றிவிட்டேன். கப்பல் படைத் துரையின் மூக்கை இதற்கு முன் யாரும் பிடித்திருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். அவர் விளிம்புக்கு ஓடினார். வாந்தி எடுக்கும்போது தவறி விழுந்துவிடக் கூடாதே என்று நான் பின்னாலிருந்து இரண்டு கையாலும் அவர் இடுப்பு வாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "எடுங்க துரை, நல்லா எடுங்க" என்று தைரியம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நாகமுத்து என்ஜின் அறையிலிருந்து தலையை நீட்டினார். ஒரு சமையல்காரன் துரையைப் பிடித்துக் கடல் பக்கம் சாய்த்துக்கொண்டிருப்பதுதான் அவர் கண்ணில் பட்டது. சட்டைக்குள்ளிருந்து துப்பாக்கியை உருவி, "போலீஸ்! கையத் தூக்குடா!" என்று கத்தினார். துப்பாக்கியோடு ஓர் என்ஜின்காரரைக் கண்ட செராங் தானும் ஒரு துப்பாக்கியை எடுத்து நாகமுத்துவுக்கு நேரே நீட்டி, "போலீஸ்! ஜாங்ஙான் கெராக்! அசையாதே!" என்று கத்தினார். நானும் பயத்தில் "போலீஸ்!" என்று கத்தினேன். கையைத் தூக்கச் சொன்னார்கள் அல்லவா, தூக்கினேன். அந்தக் கைகளில்தான் துரை இருந்தார்.

தொப்பென்று ஒரு சத்தம். அப்புறம் சத்தமே இல்லை. எனக்கும் நாகமுத்துவுக்கும் நீச்சல் தெரியாது. செராங்குக்குத் தெரியும், ஆனால் இரண்டு கொலைகாரர்களிடம் படகை விட்டுவிட்டு எப்படிக் குதிப்பது என்று அவர் குதிக்கவில்லை. மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு அழுதோம். நான் நினைத்ததெல்லாம் மங்களத்தைத்தான். அப்போது தண்ணீருக்குள்ளிருந்து துரை எழுந்து நின்றார். நெஞ்சளவுதான் ஆழம்; அவரே சற்று முன்புதான் அளந்து எழுதியிருந்தாராம். நின்றவர் நின்றபடியே சேற்றில் இறங்க ஆரம்பித்தார். நல்ல காலம், கரையிலிருந்து மீன்பிடிக்காரர்கள் கயிறு வீசி இழுத்தார்கள். சேறு அவருடைய ஒரு பூட்ஸை மட்டும் வைத்துக்கொண்டது.

இங்கே கொண்டுவந்து விசாரித்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. நாகமுத்து கப்பல் படை வைத்த ரகசியக் காவல். செராங் துறைமுகத்தார் வைத்த ரகசியக் காவல். நான் உங்களால் வந்த ரகசியக் காவல். கொலைகாரன் சமையல்காரன் வேஷத்தில் வருவான் என்று அவர்கள் இரண்டு பேருக்கும் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். படகில் கொலைகாரன் என்று ஒருவனும் இல்லை. துரையைக் கொல்லப் பார்த்தது அவருடைய காவல்காரர்கள் மூன்று பேர்தான். மானிஸ் கயிற்றுச் சுருளில் குட்டி போட்டிருக்கிறது. தாயும் சேயும் சௌக்கியம். செராங் அதைப் பார்த்துவிட்டு என் தோளில் கைபோட்டு, "நீ எம் பூனைக்கு பாபியா குடுத்தே?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்று சொல்லிவிட்டேன்.

துரை போர்வையைப் போர்த்திக்கொண்டு முன் அறையில் உட்கார்ந்திருக்கிறார். மிச்சமிருக்கிற ஒற்றை பூட்ஸைக் கவிழ்த்துச் சேற்றைக் கொட்டிக்கொண்டிருக்கிறார். உங்கள் பெரிய துரை வந்துகொண்டிருக்கிறாராம். வந்தால் என்ன செய்வார்? தடுப்புக் காவலில் போட்டால்கூடப் பரவாயில்லை. வெள்ளைக்காரத் துரையைக் கடலில் தள்ளியவன் என்று நாகப்பட்டினத்துக்குக் கப்பலேற்றிவிட்டால்? அங்கே எனக்கு யாரைத் தெரியும் மாப்பிள்ளை? மங்களம் பெம்பானில் பிறந்தவள். தலைப்பிரசவத்துக்கு அவளை அப்பன் வந்து அழைத்துப்போக வேண்டும். பிள்ளை அழுகிற சத்தம் கேட்கிறவரைக்கும் வாசலில் நிற்க வேண்டும். எனக்கு இந்த உலகத்தில் வேறு ஆசை கிடையாது. பயமாக இருக்கிறது. பொம்பளை மாதிரி அழுகிறானே என்று நினைத்தாலும் பரவாயில்லை, உங்கள் பெரிய துரையின் காலில் விழுந்தாவது என்னை இந்த வேலையிலிருந்து எடுத்துவிடச் சொல்லுங்கள். இனி உப்புத் தண்ணீரை மோந்துகூடப் பார்க்க மாட்டேன்.

மங்களத்தைப் பாரம் தூக்க விட வேண்டாம். பப்பாளி கொடுக்க வேண்டாம். நீங்களும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். இருவரும் பதினாறு பேறும் பெற்று நீடூழி வாழ இந்தப் பாவியின் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
பின்கட்டிலிருந்து,
மாமனார் நல்லமுத்து.

பி.கு.: கடிதத்தை மீன் லோரிக்காரரிடம் கொடுக்கப் போகும்போது துரை கூப்பிட்டனுப்பினார். உள்ளே உங்கள் பெரிய துரையும் இருந்தார். நான் நேராகக் காலில் விழுந்தேன். எழுப்பிவிட்டார்கள். சமையல்காரன் மூக்கைப் பிடித்தான் என்று சொல்லக் கப்பல் படைத் துரைக்கு வெட்கமாக இருந்திருக்கும் போலிருக்கிறது. ஒரு கூட்டமே படகில் வந்து தாக்கியது, இந்த மூன்று பேர் உயிரைக் கொடுத்துக் காப்பாற்றினார்கள் என்று பெரிய துரையிடம் சொல்லி முடித்துவிட்டார். நாகமுத்து தலையாட்டினார். செராங் தலையாட்டினார். நான் மட்டும் என்ன செய்ய? ஆகவே மேலே எழுதிய எதுவும் நடக்கவில்லை. கூட்டமாக வந்தார்கள் என்பதால் அடுத்த பயணத்துக்குக் காவலும் கூடுதலாம். என்னை விடவே மாட்டேன் என்று துரை பிடிவாதமாக இருக்கிறார். இப்படிப்பட்ட வீரனை எங்கே கண்டுபிடித்தீர்கள் என்று பெரிய துரையிடம் கேட்டார். பெருமை தாங்காமல், என்னைக் கண்டுபிடித்துக் கொடுத்தது என் மாப்பிள்ளைதான் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். பெரிய துரை உடனே அடுத்த பயணத்துக் காவலில் உங்கள் பெயரையும் சேர்த்துவிட்டார். பிள்ளைத்தாய்ச்சியின் புருஷன் கடலில் இறங்கக் கூடாதே என்று பதறி, "ஹிஸ் வைஃப் பேபி, ஸீ நோ குட்" என்று சொல்லிப் பார்த்தேன். குடும்பஸ்தன்தான் ஜாக்கிரதையாக இருப்பான் என்று துரை என் முதுகில் தட்டினார். படகில் என்னை மாமா என்று கூப்பிட்டுவிடாதீர்கள், நாம் முன்பின் தெரியாதவர்கள். கிளம்பும் முன் மங்களத்தைப் பெம்பானுக்குக் கூட்டிப் போய் அத்தையிடம் விட்டுவிடுங்கள். எங்கே போகிறீர்கள் என்று அவள் கேட்டால், அப்பாவை அழைத்து வரப் போகிறேன் என்று சொல்லுங்கள். அது ஒன்றாவது உண்மையாக இருக்கட்டும்.