சம்பந்திக்கு வாசித்த பிரெஞ்சு மடல்

அரைகுறையாகத் தெரிந்த ஒன்றைச் சபையில் காட்டாமல் இருக்க என்னால் முடியாது. அந்தப் புத்தியால்தான் என் அக்கா மகள் ஷீலாவின் நிச்சயதார்த்தத்தைக் குட்டிச்சுவராக்கினேன்.

மாப்பிள்ளை பீட்டர் பெல்ஜியத்துக்காரன். மயிலாப்பூரில் எங்கள் கத்தோலிக்கப் பங்குக் கோயிலைச் சேர்ந்த யார் வீட்டு விசேஷமானாலும் வாழ்த்து மடல் எழுதி, கண்ணாடிச் சட்டம் போட்டு, மேடையேறி வாசிப்பது நான்தான் (யாரும் கேட்டதில்லை). சொந்தத் தாய்மாமன், சும்மா இருப்பேனா? பிளஸ் டூவில் மார்க்குக்காகப் பிரெஞ்சு எடுத்தவன் வேறு. பெல்ஜியம் என்றால் பிரெஞ்சு என்று நானே முடிவுகட்டி, ஒரு வாரம் அகராதியோடு போராடி, ரகசியமாக ஒரு மடல் தயாரித்தேன்.

"மாமா, அவங்க அப்பாகிட்ட இங்கிலீஷ்ல பேசுங்க, அது போதும்" என்று ஷீலா முன்பே சொல்லியிருந்தாள். சின்னப் பெண், அவளுக்கு என்ன தெரியும் என்று விட்டுவிட்டேன்.

அபிராமபுரத்து ஹாலில் மோதிரம் மாற்றுவதற்கு முன் மைக்கைப் பிடித்தேன். 'உங்கள் இனிய தாய்மொழியாம் பிரெஞ்சில்' என்று பிரெஞ்சிலேயே ஆரம்பித்தேன். பீட்டரின் அப்பாவுக்கு முகம் சிவந்தது. ஆனந்தக் கண்ணீர் வரப்போகிறது என்று நினைத்துக் குரலை இன்னும் உயர்த்தினேன். நீட்டிய மடலை அவர் வாங்கவில்லை. எழுந்து வெளியே போய்விட்டார்.

"என்னத்தடா வாசிச்சுத் தொலைச்சே?" என்றாள் அக்கா.

பீட்டர்தான் விளக்கினான். பெல்ஜியத்தில் வடக்கே இருக்கும் ஃப்ளெமிஷ்காரர்கள் பேசுவது டச்சு. தெற்கே இருக்கும் வலூன்காரர்கள் பேசுவது பிரெஞ்சு. இரண்டு தரப்புக்கும் தலைமுறை தலைமுறையாக மொழித் தகராறு. பீட்டர் வீட்டார் ஃப்ளெமிஷ். அவனுடைய தாத்தாவுக்குப் பிரெஞ்சு வராது என்று வேலை பார்த்த இடத்தில் எல்லார் முன்னாலும் கேலி செய்வார்களாம். அதனால் அப்பா பிரெஞ்சு தெரிந்தும் பேசுவதில்லையாம்.

"எனக்கென்ன தெரியும்?" என்று முனகினேன். ஷீலா அழுதுகொண்டே கேட்டாள்: "போன மாசம் பேங்க்ல ஒருத்தர் ஹிந்தில பேசினார்னு மல்லுக்கு நின்னது யாரு மாமா? உங்களுக்கே புரியலைன்னா வேற யாருக்குப் புரியும்?"

 வாசலில் நின்ற பீட்டரின் அப்பாவிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். நல்ல மனிதர், தலையசைத்துவிட்டு உள்ளே வந்தார். மோதிரம் மாறியது. ஆனால் எல்லாப் போட்டோவிலும் ஷீலா அழுத கண்ணோடுதான் நிற்கிறாள். 

ஆறு மாதம் கழித்துக் கல்யாணத்தில் பீட்டரின் அப்பாவே மைக்கை வாங்கினார். கையிலிருந்த தாளைப் பார்த்து, "வணக்கம். ஷீலா இனி எங்க வீட்டுப் பொண்ணு. நல்லா பாத்துக்குவோம்" என்று தட்டுத்தடுமாறித் தமிழில் படித்தார். கைதட்டல் அடங்கவே நேரமாயிற்று. அவருடைய மொழி எது என்று ஒரு வார்த்தை விசாரிக்காத நான், செருப்பைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டேன்.

இப்போதும் வீட்டு விசேஷங்களில் நான் லேசாகத் தொண்டையைச் செருமினால் போதும். "சம்பந்தி, ஓடிருங்க! மாமா மடலை எடுத்துட்டாரு!" என்று யாராவது கத்துவார்கள். எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்போம். பெல்ஜியத்திலிருந்து வந்திருந்தால் ஷீலா மட்டும் எழுந்து உள்ளே போய்விடுவாள்.