முதலில் சாப்பாடு

"பைபிள் வசனப் பலகையை ஏன் கழட்டுற?" என்றார் கணவர்.

"மெதுவாப் பேசுங்க, எதிர்வீட்டுக்குக் கேட்டு—"

"எதிர்வீட்டுக்காரருக்கு இயேசுவைப் பத்திச் சொல்லத்தானே விருந்துக்கே—"

"எடுத்த எடுப்பிலேயேவா? மனுஷன் மிரண்டு ஓடிடுவார். முதல்ல வயிறு நிறையட்டும். மத்தது அப்புறம்."

எதிர்வீட்டுத் தையல்காரர் மனைவியைப் பறிகொடுத்து மூன்று மாதம். அடுப்பே பற்றவைப்பதில்லை, ரொட்டியும் டீயும்தான். புதிதாகக் குடிவந்த இவளுக்கு மனசு கேட்கவில்லை. ஆண்டவருடைய வார்த்தையாக நாலு வார்த்தை ஆறுதல் சொல்லியே தீருவது என்று இருந்தாள்.

பலகை போனதும் சுவரில் ஆணி மட்டும் துருத்திக்கொண்டு நின்றது.

"ஆணி சும்மா இருக்கே, என்ன மாட்டப் போறீங்க?" என்றார் அந்த வியாழக்கிழமை விருந்துக்கு வந்த தையல்காரர், உட்கார்ந்ததும் உட்காராததுமாக.

"கடிகாரம்," என்று வாயில் வந்ததைச் சொல்லிவைத்தாள்.

அடுத்த வியாழக்கிழமை அவர் கடிகாரத்தோடு வந்து, தானே மாட்டியும் விட்டார். பலகை கட்டிலுக்கு அடியில் நிரந்தரமாகக் குடியேறியது.

"சரி, சாப்பாட்டுக்கு முன்னாடி ஜெபம்?" என்று கிசுகிசுத்தார் கணவர்.

"கிச்சன்ல முடிச்சுட்டு வந்துடலாம்."

இருவரும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். கிலோக் கணக்கில் வெங்காயம் நறுக்கிய இடம். ஜெபம் முடித்து வெளியே வந்தபோது இரண்டு பேர் கண்ணும் குளமாக இருந்தது.

"வீட்டுல ஏதாவது மனக்கஷ்டமாம்மா?"

"ஐயோ, அதெல்லாம் ஒண்ணுமில்லண்ணே. உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்... வந்து... இன்னும் கொஞ்சம் குழம்பு ஊத்தட்டுமா?"

மூன்றாவது வியாழன்.

"சனிக்கிழமை அவர் மகன் வீட்டோட போய்டறாராம். இன்னிக்காவது வாயைத் திறப்பியா, இல்ல குழம்புதானா?"

"இன்னிக்குச் சொல்லலைன்னா என்னை ஏன்னு கேளுங்க!"

தட்டு காலியானது. தையல்காரர் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். அவள் தொண்டையைச் செருமினாள்.

"அண்ணே..."

"இரும்மா, முதல்ல நான் சொல்லிடறேன்." அவர் கையமர்த்தினார். "மூணு வாரமா எனக்குச் சோறு போட்டீங்க. உங்களை இப்படியே விட்டுட்டுப் போக மனசு வரலை. உள்ள போய் அழுதுட்டு வர்றீங்க. சொல்ல வந்ததை முழுங்கிடறீங்க. சொல்லி அழ வீட்டுல ஒரு சாமி படம்கூட இல்ல. என்கிட்டத் துணி தைக்கக் குடுக்கிற பெரியவர் ஒருத்தர், என் சம்சாரம் போன நாள்லேருந்து எனக்குத் தெம்பு சொல்லிட்டு வர்றார். இங்கேயும் ஒரு நடை வந்துட்டுப் போங்கய்யான்னு கூப்பிட்டிருக்கேன்."

அழைப்பு மணி அடித்தது. கணவர் போய்க் கதவைத் திறந்தார். வாசலில் கையில் வேதாகமத்தோடு அவர்களுடைய சபைப் போதகர், வைத்த கால் வைத்தபடி நின்றார்.

தையல்காரர் எழுந்தோடிப் போய் அவர் கையைப் பிடித்தார்.

"வாங்கய்யா, நான் சொன்ன வீடு இதுதான். பாவம், இவங்ககிட்ட இயேசுவைப் பத்தி இதுவரைக்கும் யாருமே சொன்னதில்ல போலிருக்கு."