பொன்னுருக்குக்குப் பிறகு வளவு தாண்டிய மாப்பிள்ளை

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: நான் ஒரு மடையன். இது பிறர் சொல்லித் தெரிந்துகொண்ட செய்தி அல்ல. (சொன்னவர்கள் பலர், அது வேறு கதை.) என் கலியாணத்துக்கு இரண்டு நாள் முன்பு, ஒரு சிவப்புக் காருக்குள் இருந்தபடி, வாய்க்காலுக்குள் வைத்து நானே நேரில் கண்டறிந்த உண்மை.

அறுபதுகளின் தொடக்கம். உடையார்கட்டில் குளத்துக்குக் கீழே எங்களுக்கு வயல். நான் கூட்டுறவுச் சங்கக்கடையில் மண்ணெண்ணெய் அளந்துகொண்டிருந்தேன். அக்காவின் புருஷன், அதாவது என் அத்தான், மலைநாட்டுத் தோட்டமொன்றில் கிளாக்கர் வேலையை விட்டுவிட்டு எங்களோடு வயல் செய்ய வந்தவர். வரும்போது, ஊருக்குக் கப்பலேறிய வெள்ளைக்காரத் துரை ஒருவரிடம் வாங்கிய பந்தயக் காரையும் கொண்டுவந்தார். இரண்டு பேர் இருக்கலாம். கூரை கிடையாது. எங்கள் பக்கத்தில் கூரையில்லாத காரை யாரும் கண்டதில்லை. ஆதலால் அது எங்கோ மரத்தில் மோதிய கார் என்று முடிவுகட்டி, அத்தானிடம் துக்கம் விசாரிக்கவே நாலைந்து பேர் வந்தார்கள்.

காரில் இரண்டு குறை. கைப்பிரேக் பிடிக்காது. எஞ்சினைக் கிளப்பும் ஸ்டார்ட்டர் மோட்டர் செத்துப் பலநாள். கையால் சுற்றிக் கிளப்பும் கம்பியோ துரையோடு கப்பலேறிவிட்டது. எனவே காரை உருட்டித்தான் கிளப்ப வேண்டும். வன்னியில் இறக்கம் என்ற ஒன்றைப் பார்க்க வேண்டுமானால் குளக்கட்டுக்குத்தான் போக வேண்டும். ஒவ்வொரு பின்னேரமும் அத்தான் காரைக் குளக்கட்டுச் சரிவில் ஏற்றி, முதல் கியரில் போட்டு, சில்லுக்கு ஒரு கல்லும் வைத்துவிட்டு நடந்து வருவார். காலையில் கல்லை எடுத்து உருட்டிவிட்டால் கார் சீறிக்கொண்டு கிளம்பும். அவருக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை.

குறை தெரிந்தது எனக்கு. பெண் வீடு தண்ணீரூற்றில். கலியாணம் அங்கே. போகும்போது அத்தான் ஓட்டுவார், திரும்பும்போது நானும் பெண்ணும் மட்டும் அந்தக் காரில் வருவோம் என்று ஏற்பாடு. (ஓட்ட எனக்குத் தெரியும். நிற்பாட்டுவதில்தான் சில சந்தேகங்கள் இருந்தன.) தண்ணீரூற்றில் பெண் வீட்டு வாசல், கோலம் போட்ட பலகை போல மட்டமான இடம். தாலி கட்டி, ஆரத்தி எடுத்து, பெண்ணை ஏற்றிய பிறகு காரைத் தள்ளப் போவது யார்? பட்டுவேட்டி கட்டிய என் மாமனாரா? ஸ்டார்ட்டர் மோட்டரை மாற்றிவிடுவோம் என்று அத்தானிடம் சொன்னேன்.

"உது உப்பிடியே நல்லாத்தான் ஓடுது, மச்சான். கை வையாதை" என்றார் அத்தான்.

நான் கேட்கவில்லை. உழவு மிசின் ஓட்டும் மணியத்திடம் சொல்லி, வவுனியாவில் ஒரு பழைய இரும்புக்கடையிலிருந்து மோட்டர் ஒன்றை அத்தானுக்குத் தெரியாமல் எடுப்பித்து, நெல்லுச் சாக்குக்குள் ஒளித்து வைத்தேன். என் மெக்கானிக் அனுபவத்தையும் சொல்லிவிட வேண்டும். பக்கத்து வளவில் தண்ணீர் இறைக்கும் மிசின் ஒருநாள் நின்றுவிட்டது. காலால் உதைத்தேன், ஓடியது. அவ்வளவுதான்.

இதற்கிடையில் பொன்னுருக்கு வந்துவிட்டது. தாலிக்குப் பொன் உருக்கும் சடங்கு அது. அது முடிந்தால், கலியாண நாள்வரை மாப்பிள்ளை வளவுக்கு வெளியே கால் வைக்கக் கூடாது, தண்ணீர் தாண்டக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். பெண் வீட்டிலோ இதைவிடக் கடுமை. பல்லி சொன்னதற்காக ஒரு சம்பந்தத்தையே திருப்பி அனுப்பிய குடும்பம். அனுப்பியவர் பெண்ணின் தாய்மாமன், சின்னத்தம்பி மாமா. "அந்த மனிசன்ரை காதிலை ஒரு சொல்லு விழுந்தாலும் கலியாணம் நிண்டுபோம்" என்று அம்மா தினம் மூன்று வேளை எனக்குப் பாடம் நடத்தினா. ஆகவே மோட்டர் மாற்றுவதென்றால் வீட்டு முற்றத்தில்தான்.

கலியாணத்துக்கு இரண்டு நாள் இருக்க, கழுவித் துடைப்பதற்காக அத்தான் காரைக் கொண்டுவந்து முற்றத்தில், வளவு வாசலின் படலையைப் பார்த்தபடி விட்டார். பழக்கதோஷத்தில் மட்டமான முற்றத்திலும் முதல் கியரில் போட்டு, சில்லுக்குக் கல்லும் வைத்தார். திறப்பை, அதாவது சாவியை, எடுத்து மடியில் செருகிக்கொண்டு, மதியச் சோற்றுக்குப் பிறகு படுத்துவிட்டார்.

நான் வேலையைத் தொடங்கினேன். முதலில் பற்றரி வயரைக் கழற்ற வேண்டுமாம். அது எனக்கு ஸ்பானர் 'சடார்' என்று பொறி கக்கிப் பூவரசில் போய் விழுந்த பிறகுதான் தெரிந்தது. மோட்டரைப் பிடித்திருப்பவை இரண்டு நட்டு. மேல் நட்டு கண்ணுக்குத் தெரியும். கீழ் நட்டு கடவுள் மாதிரி: இருக்கிறதென்று எல்லோரும் நம்புகிறார்கள், கண்டவர் இல்லை. ஒரு மணி நேரம் மண்ணில் மல்லாந்து கிடந்து, தடவித் தடவி அதையும் கழற்றினேன். மோட்டர் அசையவில்லை, துரு. தட்டி எடுக்க நல்ல கல் ஒன்று தேவைப்பட்டது. சுற்றிப் பார்த்தேன். காரின் சில்லடியிலேயே ஒன்று இருந்தது.

(அந்தக் கல்லை எங்கிருந்து எடுத்தேன் என்பதை வாசிப்பவர் நினைவில் வைத்திருக்கவும். நான் வைத்திருக்கவில்லை.)

பழையது விழுந்தது. புதியது ஏறியது. வயரைக் கொழுவினேன். முகமெல்லாம் கிறீஸ், மனமெல்லாம் பெருமை. குசினிக்குள் பலகாரம் சுட்டுக்கொண்டிருந்த அம்மாவையும் அக்காவையும் கூப்பிட்டேன்.

"வந்து பாருங்கோ! இனி ஆரும் தள்ளத் தேவையில்லை. ஒரு இழுவை, அவ்வளவுதான்."

சத்தம் கேட்டு அத்தான் எழுந்து வந்தார். "என்னடா செய்யிறாய்? திறப்பு என்ரை மடியிலை கிடக்கு. அது ஓடாது."

அந்தக் காரில் திறப்பு எஞ்சினுக்கு, ஸ்டார்ட்டர் குமிழ் மோட்டருக்கு. ஒன்றை ஒன்று கேட்காது. நான் ஆசனத்தில் மாப்பிள்ளை மிடுக்கோடு நிமிர்ந்திருந்து குமிழை இழுத்தேன்.

எஞ்சின் கிளம்பவில்லை. கார் கிளம்பியது.

கியரில் கிடந்த காரை மோட்டர் தனியாகவே இழுத்துக்கொண்டு போனது. 'ஞொய்ங்... ஞொய்ங்...' என்று முனகியபடி, வயிறு முட்டத் தின்ற எருமையின் நடை. குமிழைத் தள்ளினேன், உள்ளே போகவில்லை. கிளச்சை ஒருமுறை மிதித்திருந்தால் நின்றிருக்கும். ஆனால் பயத்தில் இரண்டு காலையும் ஆசனத்துக்கு மேலே தூக்கி வைத்திருந்தேன். ஒரு கோழி முன்னால் குறுக்கே போய், பாதியில் மனம் மாறி, அவசரமில்லாமல் திரும்பியும் போனது. அம்மா காருக்குப் பக்கத்தில் நடந்தபடியே ஏசிக்கொண்டு வந்தா. ஓட வேண்டிய அவசியமே அவாவுக்கு இருக்கவில்லை.

"நிப்பாட்டடா! எட, படலை வருகுது, நிப்பாட்டடா!"

"நிக்குதில்லை அம்மா!"

"திறப்பு என்னட்டைக் கிடக்கு" என்று அத்தான் பின்னால் திறப்பைத் தூக்கிக் காட்டிக்கொண்டு வந்தார், கார் திரும்பிப் பார்த்து வெட்கப்படும் என்பதுபோல.

பந்தலுக்காகப் படலையைக் கழற்றி, இரு பக்கமும் குலைவாழை கட்டியிருந்தார்கள். கார் ஒரு வாழையைச் சரித்தது. குலை அப்படியே என் பக்கத்து ஆசனத்தில் வந்து அமர்ந்தது. (பெண்ணுக்கென்று ஒதுக்கிய இடம்.) வாசலுக்கு வெளியே இருந்த ஒழுங்கைப் பாதையைக் கடந்தோம், நானும் வாழைக்குலையும். எதிரே வாய்க்கால். காரின் மூக்கு மெல்லச் சரிந்து தண்ணீருக்குள் இறங்க, மோட்டர் ஒரு பெருமூச்சு விட்டு அடங்கியது.

நான் குதிக்கப் போனேன்.

"இறங்காதை!" அம்மாவின் குரலில் வயலில் நின்ற கொக்கெல்லாம் எழுந்தன. "காலை மண்ணிலை வையாதை! வைச்சியோ, கலியாணம் போச்சு!"

அத்தான் உடனே சட்டத்தரணி ஆகிவிட்டார். "மாமி, யோசியாதைங்கோ. அவன் வெளியாலை போகேல்லை. கார் போனது. அவன் சும்மா இருந்தவன்."

"தண்ணி?"

"முன்சில்லுத்தான் இறங்கினது. பாதி தாண்டினது கணக்கில்லை."

மணியத்தின் உழவு மிசின் வந்து பின்பக்கமாக இழுக்கும்வரை ஆசனத்தில் காலைத் தூக்கி வைத்தபடியே இருக்க வேண்டும் என்று தீர்ப்பானது. அக்கா மணியத்தைத் தேடி ஓடினா. அன்று எங்கள் பக்கத்துக்குத் தண்ணீர் திறக்கும் முறை. மெல்ல மெல்லத் தண்ணீர் ஏறியது. கீழ்வயல்காரர் ஒருவர் மண்வெட்டியோடு வந்தார். "வயலுக்குத் தண்ணி வருகுதில்லை எண்டு பாக்க வந்தா, உங்கடை மாப்பிள்ளை எல்லோ குறுக்கை அணை கட்டிக்கொண்டு இருக்கிறார்!" சிறிது நேரத்தில் பாதி ஊர் வரம்பில் வரிசையாகக் குந்திவிட்டது. கோயில் திருவிழாவுக்கே அவ்வளவு சனம் வந்ததில்லை.

அந்த நேரம் பார்த்து ஒழுங்கையில் ஒரு சைக்கிள் மணி. வந்தது சின்னத்தம்பி மாமா. எத்தனை பேர் வருவோம் என்று கேட்டுப்போகத் தண்ணீரூற்றிலிருந்து மிதித்துக்கொண்டு வந்திருக்கிறார்.

சைக்கிளை விட்டு இறங்கினார். காரைப் பார்த்தார். வாழைக்குலையைப் பார்த்தார். கிறீஸ் முகத்தோடு ஆசனத்தில் காலை மடக்கிச் சப்பாணி கட்டியிருந்த என்னைப் பார்த்தார். நான் கும்பிட்டேன். வேறு என்ன செய்வது?

"கால் நிலத்திலை பட்டதோ?" என்று அம்மாவிடம் கேட்டார்.

"இல்லை! பிள்ளையாராணை இல்லை!"

"தண்ணி தாண்டினவரோ?"

"பாதிதான்" என்றார் அத்தான்.

மாமா வாய்க்காலடிவரை போய் முன்சில்லைக் குனிந்து பார்த்தார். பல்லிக்கே இரங்காத மனிதர் பந்தயக் காருக்கா இரங்கப் போகிறார் என்று நான் மனதுக்குள் என் கலியாணத்துக்கு, செத்தவருக்குச் செய்வதுபோல, எட்டுச் செலவே செய்துவிட்டேன். பிறகு அவர் தொண்டையைச் செருமினார்.

"தம்பி, கலியாணம் நாளையிண்டைக்கு. இப்பவே வெளிக்கிட்டிட்டீரோ?"

வரம்பே சிரித்து உருண்டது. மாமாவும் சிரித்தார். அவர் சிரித்ததை அதற்கு முன் கண்டவர் இல்லை என்று பிறகு மனைவி சொன்னாள். கலியாணம் பிழைத்தது. மணியத்தின் மிசின் என்னைக் கால் நனையாமல் வளவுக்குள் இழுத்துச் சேர்த்தது.

கலியாணத்தன்று கார் வழக்கம்போலக் குளக்கட்டில் உருண்டு கிளம்பியது. தாலி கட்டினேன். திரும்பும்போது, நான் எதற்குப் பயந்தேனோ அதுவே நடந்தது. தண்ணீருக்குள் செத்த மோட்டர் மூச்சே விடவில்லை. மாமனார் பட்டுவேட்டியை மடித்துக் கட்டினார். சின்னத்தம்பி மாமா, "பிடியுங்கோடா!" என்று ஆள் சேர்த்தார். பெண் வீட்டார் அத்தனை பேரும் தள்ள, கூறைச்சேலையோடு என் பக்கத்தில் இருந்த பெண் முதன்முதலாக என்னிடம் வாய் திறந்தாள்: "நானும் இறங்கித் தள்ளவோ?"

இன்றும் எங்கள் வீட்டில் யாராவது எங்காவது நேரத்துக்கு முன்பே புறப்பட்டுப் போய் நின்றால், "அப்பா மாதிரி வெளிக்கிட்டிட்டான்" என்பார்கள். போன கிழமை பேரப்பிள்ளைகளுக்கு முன்னால் என் மானத்தைக் கொஞ்சம் மீட்கலாம் என்று மனைவியிடம் சொன்னேன்:

"என்ன சிரிச்சாலும், உன்னைத் தேடி இரண்டு நாளைக்கு முன்னமே வெளிக்கிட்ட மாப்பிள்ளை இந்த வன்னியிலை நான் ஒருத்தன்தான்."

அவள் அரிசியில் கல் பொறுக்குவதை நிறுத்தவில்லை.

"வந்து சேரேல்லையே."