சாவிக்கொத்தின் கனம்

கடலின் ஆழத்தை அளந்துவிடலாம். நிலவின் தூரத்தையும் சொல்லிவிடலாம். ஒரு மனிதர் எவ்வளவு நசுங்கியிருக்கிறார் என்று அளப்பது மட்டும் லேசுப்பட்ட காரியமல்ல. அதற்காகவே 'ஒடுக்கப்பட்டோர் அளவீட்டு அலுவலகம்' எழுந்தது. அதன் அளவையாளர் ஏழு ஆண்டுகளில் ஒருவருக்குக்கூடச் சான்றிதழ் கொடுத்ததில்லை. அப்படியொரு நேர்மை. தகுதியற்ற ஒருவர் 'ஒடுக்கப்பட்டவர்' ஆகிவிடுவாரோ என்ற கவலையில் அவருக்குச் சோறே இறங்குவதில்லை என்று மனைவி சொல்வதுண்டு. மூன்றாம் முறை பரிமாறிக்கொண்டேதான் சொல்வாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை, பிஸ்கட் கம்பெனியில் பொட்டலம் கட்டும் பெண் ஒருத்தி வந்தாள்.

"முதலாளி என் அடையாள அட்டைய வாங்கி டிராயர்ல பூட்டி வச்சிருக்கார் சார். மூணு வருஷமாச்சு. கையில குடுத்தா வேலைய விட்டு ஓடிடுவோமாம். திங்கக்கிழமைக்குள்ள அதைக் காட்டினாத்தான் என் பொண்ணைப் பள்ளிக்கூடத்துல சேத்துக்குவாங்க."

"எங்க சான்றிதழ் இருந்தா அவர் கொடுத்தே ஆகணும்," என்றார் அளவையாளர். "நூறுல ஆரம்பிப்போம். கழிச்சது போக அறுபது நின்னா நீங்க பாஸ். இங்க எப்படி வந்தீங்க?"

"நடந்துதான்."

'தடையின்றி நடமாடுகிறார்' என்று எழுதிப் பத்தைக் கழித்தார்.

"தூக்கம் வருதா?"

"பன்னெண்டு மணி நேரம் நின்னுட்டுப் போனா, படுத்ததும் கட்டையாட்டம் விழுந்துடுவேன் சார்."

'ஆழ்ந்த உறக்கம்.' இன்னொரு பத்து.

"தினமும் எத்தனை தடவை அழுவீங்க?"

"அழறதுக்கு நேரம் ஏது சார்?"

அதற்கும் பத்து. எழுபது மிஞ்சியது. அவள் முகம் சற்றே தெளிந்தது. அளவையாளர் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். அங்கே 'ஒடுக்குபவரின் கையொப்பம்' என்று ஒரு கட்டம்.

"அவரே எப்படி சார் போடுவாரு?"

"ஒருதலைப்பட்சமா முடிவெடுத்தா அது அநியாயம் இல்லையாம்மா?"

வியாழக்கிழமை முதலாளியே நேரில் வந்தார். அவருடைய பையைத் தூக்கிக்கொண்டு அவளும் வந்தாள். இருந்த ஒரே நாற்காலி அவருக்குப் போனது. தேநீரும் போனது. அவர் சிரித்த முகத்தோடு கையெழுத்துப் போட்டார். இவ்வளவு ஒத்துழைக்கும் மனிதர் யாரையாவது ஒடுக்குவாரா? இருபது கழிந்து அவளுக்கு ஐம்பது ஆனது.

"எங்க கஷ்டத்தை யார் சார் கேக்குறாங்க?" என்றார் முதலாளி, கைக்குட்டையை எடுத்தபடி.

அளவையாளர் நெகிழ்ந்துபோய்ப் புதிய படிவம் ஒன்றை விரித்தார். "சொல்லுங்க. எப்படி வந்தீங்க?"

"எனக்கு நடக்க முடியாது சார், கார்லதான். தூக்கம் கிடையாது. எட்டுப் பேரோட அட்டையப் பத்திரமா வச்சிருக்கேன், ஒருத்தர் வாயிலயும் நன்றின்னு வராது. சாவிக்கொத்து கனத்துல பாருங்க, இடுப்பே ஒரு பக்கமா சாஞ்சுபோச்சு."

"அதை வேணும்னா நான் சுமக்கட்டுமா சார்?" என்றாள் அவள்.

'நகைச்சுவை உணர்வு குன்றவில்லை.' ஐந்து கழிந்தது.

முதலாளிக்கு எதைக் கழிப்பது? தேடிப் பார்த்தும் கிடைக்கவில்லை. கடைசிக் கட்டம் மட்டும் பாக்கி. முதலாளி அவளைக் கை காட்டினார்.

"நான் இவரை என்ன சார் பண்ணேன்?"

"இப்படிக் கேள்வி கேக்குறீங்களே, இதுதான்," என்றார் அளவையாளர்.

"போட்டா என் அட்டையத் தருவாரா?"

"பாக்கலாம்," என்றார் முதலாளி.

அவள் கையெழுத்துப் போட்டாள்.

அலுவலகத்தின் முதல் சான்றிதழ் அடுத்த செவ்வாய்க்கிழமை கம்பெனிச் சுவரில், அந்த டிராயருக்கு நேர் மேலே மாட்டப்பட்டது. அளவையாளரே ஸ்டூலில் ஏறி ஆணி அடித்தார். ஸ்டூல் ஆடாமல் அவள் பிடித்துக்கொண்டாள்.

"பொண்ணு பள்ளிக்கூடத்துல சேந்துட்டாளா?" என்று பரிவோடு விசாரித்தார்.

"இல்ல சார். நேத்தோட தேதி முடிஞ்சுபோச்சு. இன்னைலேருந்து என் பக்கத்துல நின்னு பொட்டலம் கட்டுறா. அவளோட பிறப்புச் சான்றிதழையும் வாங்கி, இன்னொரு டிராயர்ல பூட்டிட்டாங்க."

அளவையாளர் கண் கலங்கினார். ஸ்டூலில் நின்றபடியே பேனாவை எடுத்துச் சான்றிதழில் ஒரு திருத்தம் செய்து கையொப்பமிட்டார்: 'கூடுதல் சாவி ஒன்று, முதலாளிக்கு ஐந்து மதிப்பெண் அதிகம்.'